க்யூ தோட்டத்தில் ஒரு பால்மரம்

லண்டனுக்குப் போகிறவர்கள் கோடைக்காலத்தில் போக வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம். நான் ஜனவரி மாதத்தில் போனேன். அது 2019-ஆம் வருஷம். என் தம்பி மகள் அங்கே டாக்டர் உத்தியோகம் பார்க்கிறாள். "ஏன் பெரியப்பா, ஒரு நாலு மாசம் கழிச்சு வரக்கூடாதா? இப்ப இங்கே பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று விமான நிலையத்திலேயே கேட்டுவிட்டாள். டிக்கட் அப்போதுதான் மலிவு என்ற உண்மையை நான் சொல்லவில்லை. "கதை எழுதுகிறவனுக்குக் குளிரும் ஓர் அனுபவம்தானே அம்மா" என்று சொல்லி வைத்தேன்.

மூன்றே நாளில் அந்த அனுபவம் போதும் போதும் என்று ஆகிவிட்டது. காலை எட்டு மணிக்கு விடிகிறது. மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நடுவில் வருவதைப் பகல் என்று சொல்ல மனம் வரவில்லை; ஐப்பசி அடைமழையில் நம் வீட்டுக் கூடத்தில் இருக்குமே, அந்த வெளிச்சம். இரண்டு சட்டை, அவற்றின்மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் கோட்டு, கழுத்துக்கு ஒரு துணி, காதை மூடக் குல்லாய் என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

நான்காம் நாள், தம்பி மகள் வேலைக்குப் போனபின், க்யூ தோட்டத்துக்குப் புறப்பட்டேன்.

க்யூ என்றால் நம்மவர்களுக்கு ரேஷன் கடை வாசலும் சினிமாக் கொட்டகை வாசலும்தான் நினைவுக்கு வரும். இது அந்த க்யூ அல்ல. தேம்ஸ் நதிக்கரையில், லண்டனின் தென்மேற்கு மூலையில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1759-ஆம் ஆண்டில் இளவரசி அகஸ்டா என்பவர் தம் அரண்மனையை ஒட்டிச் சில ஏக்கரில் போட்ட செடித் தோட்டம் இன்று முந்நூறு ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. 2003-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. உலகத்துச் செடி கொடிகளைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கடைசியில் க்யூவைத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னால் பெரிய தப்பில்லை. அன்றைக்கு அங்கே கூட்டமே இல்லை. டிக்கட் கொடுத்த பெண்மணி, "கண்ணாடி வீடுகளைச் சீக்கிரம் சாத்திவிடுவார்கள், முதலில் அவற்றைப் பார்த்துவிடுங்கள்" என்று நல்ல புத்தி சொல்லி அனுப்பினாள்.

இலையில்லாத மரங்களை நான் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. சித்திரை வெயிலில் எங்கள் ஊர் ஏரிக்கரை மரங்கள் மொட்டையாக நிற்கும். ஆனால் நம் ஊரில் இலை இல்லாத மரத்தைப் பார்த்தால், இது பிழைக்குமா, விறகுக்குத்தானா என்ற கேள்வி உடனே வரும். இங்கே அப்படியில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் மரங்கள் எல்லாம் கறுப்புக் கோடுகளாக நிற்கின்றன. யாருக்கும் கவலையில்லை. 1762-இல் நட்ட ஒரு கிங்கோ மரம் நிற்கிறது. இருநூற்றைம்பது குளிர்காலத்துக்கு மேல் பார்த்துவிட்ட கிழவர். அவருக்கு இது இன்னொரு தூக்கம், அவ்வளவுதான். புல்லின்மேல் உப்புத் தூவினாற்போல் பனி உறைந்திருந்தது. என் மூக்கு எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது.

குளத்துக்கு அப்பால் கண்ணாடி மாளிகை தெரிந்தது.

இங்கிலீஷில் அதற்குப் 'பாம் ஹவுஸ்' என்று பெயர். பனை மாளிகை என்று மொழிபெயர்த்தால் பனை மட்டும்தான் நினைவுக்கு வரும். பனை, தென்னை, கமுகு, ஈச்சை எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லுக்குள் ஆங்கிலேயர்கள் அடக்கிவிட்டார்கள். நம்மிடம் மட்டும் பொதுப்பெயர் இல்லையா என்ன? வெளிப்புறம் வயிரம் பாய்ந்ததைப் புல் என்றும், உள்ளே வயிரம் பாய்ந்ததை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல் ஜாதி. இன்றைய தாவர சாஸ்திரிகளும் புல்லுக்கும் தென்னைக்கும் நெருங்கிய உறவு சொல்கிறார்கள். ஆகவே நான் போனது புல் மாளிகைக்கு என்று சொல்வதே இலக்கண சுத்தம். இருந்தாலும் ஊரோடு ஒத்துப் பனை மாளிகை என்றே சொல்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே கால் வைத்ததும் எனக்குப் பார்வை போய்விட்டது. பயப்பட வேண்டாம், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. கண் தெரியாத அந்த அரை நிமிஷத்தில் மூக்குதான் எனக்கு வழி காட்டியது. ஈர மண், அழுகின இலை, வாழைச் சருகு: தண்ணீர் கட்டிய மறுநாள் காலையில் வாழைக்கொல்லைக்குள் நுழைந்தால் அடிக்குமே, அதே வாசனை. ஐயாயிரம் மைல் தாண்டி வந்தவனுக்கு அந்த வாசனை என்ன செய்யும் என்பதை வெளியூரில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், எதிரே வாழை. அப்பால் தென்னை. தூணைப் பற்றிக்கொண்டு மிளகுக்கொடி. மூங்கில், கோகோ, காப்பி. ஒவ்வொன்றின் காலடியிலும் ஓர் அட்டை குத்தி வைத்திருந்தார்கள். லத்தீன் பெயர், குடும்பப் பெயர், சொந்த ஊர், ஓர் எண். ஒரு பாத்தியில், எழுத்துப் பலகையெல்லாம் வைத்து மரியாதை செய்திருந்த ஒரு சின்னச் செடியைக் குனிந்து பார்த்தேன். நம் நித்தியகல்யாணி! சுடுகாட்டு ஓரத்திலும் குப்பைமேட்டிலும் தானாக முளைத்து, ஆடுகூடக் கடிக்காமல் விடுகிற செடி. அதற்குச் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு என்று போட்டிருந்தது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கு அதிலிருந்துதான் மருந்து எடுக்கிறார்கள். ஊரில் நாம் மதிக்காத பிள்ளை வெளியூரில் பெரிய உத்தியோகத்தில் இருப்பதைப் பார்த்தால் ஒரு கூச்சம் வருமல்லவா? எனக்கு அது வந்தது.

உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். குழந்தை வண்டியோடு வந்த தாய்மார்கள், கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர்கள். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி, நான் குல்லாயைக் கழற்றுவதா வேண்டாமா என்று தவிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். வருஷ டிக்கட் வாங்கி வைத்திருக்கிறாளாம். குளிர்காலத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வந்துவிடுவாளாம். "வீட்டைச் சூடாக்க ஆகும் செலவைவிட இது மலிவு. தென்னை மரத்தடியில் உட்கார்ந்து என் மகளுக்குக் கடிதம் எழுதுகிறேன். அவள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள்" என்றாள். கிழவிக்கும் வாழைக்கும் ஒரே அடுப்பு. இதைவிட நல்ல காரியத்துக்கு ஒரு ராஜாங்கத் தோட்டம் பயன்பட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

அண்ணாந்து பார்த்தேன். 1844 முதல் 1848 வரை நான்கு வருஷம் கட்டியிருக்கிறார்கள். டெசிமஸ் பர்ட்டன் என்ற சிற்பியும், டப்ளின் நகரத்து இரும்பு வேலைக்காரர் ரிச்சர்ட் டர்னரும் சேர்ந்து செய்த வேலை. நீளம் 363 அடி, உயரம் 66 அடி, கண்ணாடி மட்டும் சுமார் 16,000 துண்டுகள். இவ்வளவு அகலத்துக்கு நடுவில் தூண் நெருக்கமில்லாமல் கூரை போடுவது எப்படி என்று யோசித்தவர்கள், கப்பல் தளத்தைத் தாங்கும் இரும்பு உத்தரத்தைப் பார்த்து அதே மாதிரி விலா எலும்புகளை வளைத்து நிறுத்திவிட்டார்கள். அதனால் கூரையைப் பார்த்தால் ஒரு பெரிய கப்பலைக் கவிழ்த்து வைத்ததுபோலவே இருக்கிறது. கப்பலுக்குள் நிற்கிறோம், ஆனால் தலைகீழாக.

இந்தச் சூட்டுக்கு அந்தக் காலத்தில் நிலவறையில் கரியைப் போட்டுக் கொதிகலன்களை எரித்தார்கள். அழகான மாளிகையின் உச்சியில் புகைபோக்கி இருந்தால் கண்ணுக்கு நன்றாக இராது என்று, புகையைச் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய்த் தூரத்தில் ஒரு கோபுரத்தின் வழியே வெளியேற்றினார்கள். அந்தக் கோபுரம் இன்றும் இருக்கிறது. விவரம் தெரியாதவர்கள் மாதாகோயில் மணிக்கூண்டு என்றுதான் நினைப்பார்கள். நடைபாதையில் இரும்புக் கிராதி போட்டிருக்கிறது. இதன் கீழே இருந்துதான் வெப்பம் மேலே வருமாம்.

ஒரு மூலையில் தொட்டிக்குள் ஒரு மரம், முட்டுக்கொம்புகளைத் தாங்கிச் சாய்ந்து நிற்கிறது. பார்வைக்கு ஈச்சை போல இருக்கும். ஈச்சை அல்ல, அதைவிடப் பல கோடி ஆண்டு பழைய வம்சம். பிரான்சிஸ் மேசன் என்பவர் 1770-களில் தென்னாப்பிரிக்காவிலிருந்து சேகரித்தது. 1775-இல் க்யூவுக்கு வந்து சேர்ந்தது. உலகத்தில் தொட்டியில் வளரும் செடிகளுக்குள் இதுவே மூத்தது என்கிறார்கள். இத்தனை காலத்தில் ஒரே ஒரு தடவை, 1819-இல், கூம்பு விட்டதாம். அந்த அதிசயத்தை அந்தக் காலத்துப் பெரிய விஞ்ஞானியான ஜோசப் பாங்க்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாராம். யார் கொண்டுவந்தது, எங்கிருந்து, என்றைக்கு வந்தது, என்றைக்குப் பூத்தது, யார் வந்து பார்த்தது எல்லாம் கணக்கில் இருக்கிறது. எனக்கு என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியும். அவர் பிறந்த வருஷம் தெரியாது.

அங்கிருந்து நாலடி எடுத்து வைத்தேன். அடுத்த பாத்தியில் அந்த மரம் நின்றது.

பிரமாதமான மரம் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறப் பட்டை. ஒவ்வொரு காம்பிலும் மும்மூன்றாக இலை. அட்டையைப் படித்தேன். நம் ஆமணக்குக் குடும்பம், சொந்த ஊர் பிரேசில், ரப்பர் மரம். எங்கள் வீட்டில் யாரும் ரப்பர் மரம் என்று சொன்னதில்லை. 'பால்மரம்' என்பார்கள். மலாய் நாட்டிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த சொல் அது. "எங்க அண்ணன் பால் வெட்டப் போச்சு" என்று அம்மா சொல்லும்போது, சின்ன வயசில் நான் ஏதோ பால் கறக்கப் போனார் என்றே நினைத்திருந்தேன்.

இந்தப் பால்மரத்தின் சரித்திரத்தை நான் முன்பே கொஞ்சம் படித்திருந்தேன். அந்த மாளிகைக்குள் நின்றுகொண்டு நினைத்தபோது அது வேறு மாதிரி இருந்தது. க்யூவின் கண்ணாடி வீடுகளை வெறும் உல்லாசத் தோட்டம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவை செடிகளுக்கான சத்திரங்கள். ஒரு கண்டத்தில் பிறந்த செடியை இன்னொரு கண்டத்தில் குடியேற்றுவதற்கு முன்னால், வழியில் தங்கவைத்து, தேற்றி, மறுபடி கப்பலேற்றுகிற இடம். கப்பலில் உப்புக்காற்றுப் பட்டால் செடி செத்துப்போகும். அதற்கு வழி கண்டவர் லண்டனில் இருந்த நத்தானியேல் வார்டு என்ற டாக்டர். 1829-இல் ஒரு விட்டில்பூச்சியின் கூட்டுப்புழுவை மண்ணோடு ஒரு பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சி என்ன ஆயிற்றோ, பாட்டிலுக்குள் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஒரு புல்லும் ஒரு பெரணியும் முளைத்து வளர ஆரம்பித்துவிட்டன. உள்ளே இருக்கும் ஈரமே ஆவியாகி, குளிர்ந்து, மறுபடி மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் மூடிய கண்ணாடிப் பெட்டிகள் செய்தார்கள். பிறகு எந்தச் செடியும் எந்தச் சமுத்திரத்தையும் தாண்டலாம் என்று ஆயிற்று. கொயினா மருந்து தரும் சிங்கோனா தென்னமெரிக்க மலைகளிலிருந்து நம் நீலகிரிக்கு 1860-ஐ ஒட்டி வந்து சேர்ந்தது அப்படித்தான்.

ரப்பர் விதை மட்டும் லேசில் மசியவில்லை. எண்ணெய்ப் பசை உள்ள விதை. சில வாரம் வைத்தால் முளைக்கும் சக்தி போய்விடும். 1873-இல் க்யூவுக்கு வந்த விதைகளில் பன்னிரண்டே முளைத்தன. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து 70,000 விதைகளைக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார். ஆயிரத்துக்குப் பத்துப் பவுன் கூலி. விதைகளைத் திருடிக்கொண்டு போனான் என்று பிரேசில்காரர்கள் இன்றைக்கும் கோபப்படுகிறார்கள். அதைத் தடுக்கும் சட்டம் அப்போது இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். க்யூவில் ஆர்க்கிட் செடிகளை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் விதைகளை விதைத்தார்கள். 2,700 சொச்சம் முளைத்தன. அவற்றில் ஏறக்குறைய 1,900 கன்றுகளை 38 கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து இலங்கைக்கு அனுப்பினார்கள். கன்றுகள் வழியில் வாடிவிடக் கூடாதே என்று ஒரு தோட்டக்காரரையும் கூடவே கப்பலில் அனுப்பினார்கள். அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. கீழ்த்திசையில் பிறகு லட்சக்கணக்கான ஏக்கரில் எழுந்த ரப்பர் தோட்டங்களில் மிகப் பெரும்பகுதி இந்தச் சிறு கூட்டத்தின் வம்சம். மரத்தைக் கொல்லாமல் தினம் ஒரு மெல்லிய சீவல் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தோட்டத்தில் இருந்த ரிட்லி என்பவர் கண்டுபிடித்துக் கொடுத்தார். மோட்டார் வண்டி வந்தது. டயர் வேண்டியிருந்தது. மரம் தயார், நிலம் தயார். சீவுவதற்குக் கை வேண்டும்.

கை நம் ஊரிலிருந்து போயிற்று.

என் தாய்மாமன் 1937-இல் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனார். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயசு, அம்மாவுக்குப் பன்னிரண்டு. அடுத்த வருஷமே தோட்டக் கூலிகளை அங்கே அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்திவிட்டது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் அவர் போயிருக்கவே முடியாது. தாத்தாவுக்கு இரண்டு மா நிலம், அதன்மேல் கடன். மூன்று வருஷம் பால் வெட்டினால் கடன் தீரும் என்று கங்காணி சொன்னானாம். மேல்தளத்தில் பாயை விரித்துக்கொண்டு பிரயாணம். கூடப் போய்ப் பார்த்துக்கொள்ளத் தோட்டக்காரர் யாரும் இல்லை.

போன இரண்டாம் வருஷம், அடுத்த ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வரும்போது மாமா தங்கைக்காக ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். பட்டுத்துணியாக இருக்கும், கண்ணாடி வளையலாக இருக்கும் என்று அம்மா பிரித்துப் பார்த்தால் உள்ளே ஐந்து விதைகள். புள்ளியும் கோடுமாகப் பழுப்பு நிறத்தில், பெரிய ஆமணக்கு முத்துப் போல, தேய்த்து மெருகிட்டாற்போலப் பளபளப்பாக இருந்தன. "அஞ்சாங்கல் ஆடுவதற்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா அவற்றை வைத்துக் கல்யாணம் ஆகும் வரை அஞ்சாங்கல் ஆடியிருக்கிறாள். சிறுவனாக இருந்தபோது நானும் அவற்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். ஆட்டினால் உள்ளே உலர்ந்த பருப்பு கடகடவென்று சத்தம் போடும். கல்லில் தேய்த்தால் சுடும்; அதை அடுத்த பையன் தொடையில் வைத்துவிட்டு நான் ஓடியிருக்கிறேன். அம்மா 1994-இல் காலமானபிறகு அவளுடைய தகரப்பெட்டியில் நான்கு விதைகள் இருந்தன. இப்போது என் எழுதும் மேஜைமேல் இருக்கின்றன. லண்டனுக்கு நான் அவற்றைக் கொண்டு போகவில்லை. இந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு ஒரு விதை கொண்டுபோனால் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். எழுபதினாயிரம் கொண்டுபோனால் சரித்திரத்தில் பெயர் வரும்.

மாமாவின் கடிதம் 1941 கார்த்திகை வரை வந்துகொண்டிருந்தது. டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. சண்டை முடிந்து 1946-இல் ஊர் திரும்பிய ஒருவர், "அவன் சயாமுக்குப் போன கூட்டத்திலே போனான் என்று சொன்னார்கள்" என்றார். அவரும் நேரில் பார்க்கவில்லை. சொன்னவர்கள் யார் என்பதும் அவருக்கு நினைவில்லை.

சயாம் என்றால் அந்தத் தலைமுறையில் விளக்கம் தேவையில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்துக்குக் காட்டைக் குடைந்து ஜப்பானியர் ரயில் பாதை போட்டார்கள். 1942-இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். யுத்தக் கைதிகளாகப் பிடிபட்ட வெள்ளைக்கார சிப்பாய்கள் அதில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் மயானம் இருக்கிறது. வரிசை வரிசையாகக் கல், கல்லுக்குக் கல் பெயர், படைப்பிரிவு, தேதி. வேண்டியதுதான், அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆசிய ஜனங்களில் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று மதிப்புப் போடுகிறார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் மிகப் பலர். மதிப்புத்தான், எண்ணிக்கை அல்ல. எண்ணியவர் இல்லை.

தோட்டத்தில் பெயர் இல்லாமல் இல்லை. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுப் புஸ்தகத்தில் குறித்தால்தான் அன்றைக்குச் சம்பளம். ஆகவே மாமாவின் பெயரும் ஒரு புஸ்தகத்தில் தினம் தினம் எழுதப்பட்டிருக்கும். தாத்தா ஆள் பிடித்து இங்கிலீஷில் கடிதம் எழுதச்சொல்லித் தோட்டத்து ஆபீஸுக்குப் போட்டார். யுத்தத்துக்கு முந்திய புஸ்தகங்கள் எங்களிடம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. தோட்டத்தின் பெயர் எதற்கு? அந்த ஒரு தோட்டத்துக் கதையா இது?

தாத்தாவின் கஷ்டம் வேறு விதமாக இருந்தது. பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாதபோது அமாவாசைக்கு அவனை நினைத்து எள்ளும் தண்ணீரும் விடலாமா? விட்டு, அவன் எங்கேயோ உயிரோடு இருந்துவிட்டால்? விடாமல் இருந்து, அவன் இல்லாமல் போயிருந்தால்? புரோகிதர் பன்னிரண்டு வருஷம் பார்க்கச் சொன்னார். அதன்பிறகு தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணிவிடலாம் என்றார். எதிலிருந்து பன்னிரண்டு வருஷம் என்று தாத்தா கேட்டாராம். கடைசிக் கடிதத்திலிருந்தா, சயாமுக்குப் போனதிலிருந்தா, சண்டை முடிந்ததிலிருந்தா? அந்த விவகாரம் தீருவதற்குள் தாத்தாவே போய்விட்டார். திதி என்று ஒரு நாள் மாமாவுக்கு எங்கள் வீட்டில் ஏற்படவேயில்லை. பொங்கலுக்குப் புதுத்துணி எடுக்கும்போதெல்லாம் அம்மா ஒரு துண்டு கூட எடுத்து வைப்பாள். யாருக்கு என்று நாங்கள் கேட்டதில்லை. மாசிக்குள் அது யாராவது ஒரு பரதேசிக்குப் போய்விடும்.

எவ்வளவு நேரம் அந்த மரத்தின் முன்னால் நின்றேனோ தெரியாது. பட்டையில் வெட்டுத் தழும்பு எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. மூதாட்டி கடிதத்தை முடித்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, கையசைத்துவிட்டுப் போனாள். ஒரு தோட்டக்காரப் பெண் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து வயசு இருக்கும்; முழங்கால் வரை பூட்ஸ், முழங்கை வரை சேறு. நான் ஒரே அட்டையை வெகுநேரம் படிப்பதைக் கவனித்திருப்பாள் போலிருக்கிறது. ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டாள்.

"இந்த எண் எதற்கு?" என்றேன்.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண் உண்டு என்றாள். வந்த அன்றைக்குக் கொடுத்துவிடுவார்களாம். எங்கிருந்து வந்தது, யார் சேகரித்தது, விதையாக வந்ததா, கன்றாக வந்ததா, எந்தப் பாத்தியில் நட்டது, எப்போது இடம் மாற்றியது எல்லாம் அந்த எண்ணுக்கு நேராக எழுதியிருக்கும். தோட்டக்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எண் இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்குச் செடியைத் தெரியும்.

மேலே பார்த்தேன். தென்னை ஒன்று கண்ணாடிக் கூரையை எட்டிவிடும்போல் இருந்தது. "கூரையைத் தொட்டால் என்ன செய்வீர்கள்?"

"வேறு வழியில்லை, வெட்டிவிட வேண்டியதுதான்" என்றாள். சொல்லும்போது அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "கண்ணாடியை உடைத்துவிடுமே. சின்னக் கன்று ஒன்றைத் தயாராக வைத்திருப்போம்."

"வெட்டின மரத்தின் எண்ணைச் சின்னக் கன்றுக்குக் கொடுத்துவிடுவீர்களா?"

"இல்லை, இல்லை" என்று அவசரமாகத் தலையாட்டினாள். அப்படிக்கூட ஒருவர் கேட்பாரா என்பதுபோல் இருந்தது. "கன்றுக்கு வேறு எண். அந்த எண் அந்த மரத்துக்குத்தான். செத்த தேதியும் காரணமும் எழுதி முடித்து வைப்போம். அதை வேறொன்றுக்குக் கொடுக்கமாட்டோம்."

பிறகு, "உங்கள் ஊரில் இந்த மரம் உண்டா?" என்று பால்மரத்தைக் காட்டிக் கேட்டாள்.

"உண்டு. எங்கள் ஊரில் இல்லை. கன்னியாகுமரிப் பக்கம் நிறைய இருக்கிறது" என்றேன்.

"இது இங்கே காய்த்து நான் பார்த்ததில்லை. விதை ரொம்ப அழகாக இருக்குமாம்."

"ஆமாம், அழகாக இருக்கும்" என்றேன்.

இன்னும் கால் மணியில் கதவைச் சாத்திவிடுவோம் என்று சொல்லிவிட்டு அவள் குழாயை இழுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனாள். கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நான் டைரியை எடுத்து, அன்றைய தேதியைப் போட்டு, அட்டையிலிருந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அதன் கீழே ஒரு வரி இடம் விட்டு, மாமாவின் பெயரை எழுதினேன்.